மூன்றாவது வரிசையில் உங்கள் தம்பிக்கு இளைப்பு

பெருமதிப்புக்குரிய மூத்த நாத்தனார் அண்ணி அவர்களுக்கு, தம்பி மனைவி பணிவோடு எழுதிக்கொள்வது.

ஆண்டவன் கருணையால் இங்கே நான் நலம், மகள் நலம், மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்ளும் பூனைகூட நலம். உங்கள் தம்பி நலமா இல்லையா என்பதை உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். அங்கே உங்கள் ரத்த அழுத்தமும் அண்ணன் அவர்களின் முழங்காலும் ஒழுங்காக இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். முழங்கால் விஷயம் இன்னும் மேலிடத்தில் நிலுவையில்தான் இருக்கிறது, மறக்கவில்லை.

போனில் பேசலாமே என்பீர்கள். போனில் பேசினால் சங்கடமான இடம் வரும்போது "பால் பொங்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்குப் பால் பொங்காது. ஆனால் எனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுத வரும், அது உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கற்றிருந்தால் டீச்சர் 'உஷ்' என்று அடக்கியிருப்பார். நான் மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் பிரித்து வைத்துத் தானாகப் படித்தவள், என்னை உஷ் சொல்ல அப்போது ஆள் இருக்கவில்லை. அதனால் உங்கள் தம்பி வேலைப் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிற வரை காத்திருந்து, முன்கதவைச் சாத்திவிட்டு இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் உங்களிடமிருந்துதான் தொடங்குகிறது, கோபித்துக்கொள்ளக் கூடாது. கல்யாணம் பேச நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உங்கள் தம்பியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சட்டையில மூணாவது பொத்தான் மட்டும் வேற கலரா இருக்கே, பழைய பொத்தான் தொலைஞ்சுபோச்சா, இல்ல எங்கயாவது பத்திரமா இருக்கா?" கணக்காக வளர்ந்த பெண் வேறென்ன கேட்பாள்? உடனே அவர் முகம் செக்கச்செவேலென்று ஆகி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்க, தொண்டையிலிருந்து ஈஈ... ஈஈ... என்று ஓட்டை சைக்கிள் பம்பில் காற்றடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வேறு. எங்கள் வீட்டில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம். அப்போது நீங்கள்தான் முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, அவனுக்குக் கொஞ்சம் சளி" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி நான் குடித்தனம் தொடங்கினேன் அண்ணி. வந்த முதல் வாரமே, காலையில் நான் பிரார்த்தனை மூலையில் நின்று ஆண்டவனிடம் முதல்நாள் கணக்கை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நான் மனசுக்குள் வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை. மனசுக்குள் ஓராயிரம் ஓடுகிறது, அதில் எது விண்ணப்பம், எது புலம்பல் என்று அவருக்குக் குழப்பம் வரக் கூடாதல்லவா? அதனால் சத்தமாகத்தான் சொல்வேன். "நேத்து கேட்டதுல குழாய்த் தண்ணி வந்தது, வரவு வெச்சாச்சு. எதிர்வீட்டு ரேடியோ சத்தம் குறையணும்னு கேட்டது வரலை. ரேடியோ ரிப்பேர்தான் ஆகியிருக்கு, அதை நீங்க செஞ்சதாக் கணக்குல எடுத்துக்க முடியாது, நான் கேட்டது அவங்களுக்கு நல்ல புத்தி." இவ்வளவுதான் சொன்னேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் உங்கள் தம்பி பீரோவில் நெற்றியை வைத்துக்கொண்டு ஈஈ... ஈஈ... ஓடிப்போய் வெந்நீர் வைத்து, முதுகைத் தடவி, உட்காரவைத்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய வைத்தியப் புத்தகத்தைப் பிரித்தால் சளி இருந்த பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். இளைப்பு இருந்தது. இரண்டும் பங்காளிகள்தானே என்று இளைப்புக்கு எழுதியிருந்த கஷாயத்தை அன்றைக்கே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து இன்று வரை காலையில் ஒரு டம்ளர் தவறியதில்லை. உங்கள் தம்பியும் ஒரு நாள்கூட வேண்டாம் என்றதில்லை. டம்ளரைக் கையில் வாங்கி, ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் போய்விடுவார். நல்ல நோயாளி என்று உங்களிடமே எத்தனை தடவை மெச்சியிருக்கிறேன்.

ஆனால் நோய் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. தூசி என்று நினைத்து ஜன்னல் திரைகளைக் கழற்றினேன், எதிர்வீட்டுக்காரர்கள் நாங்கள் சாப்பிடுவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், இளைப்பு நிற்கவில்லை. தலையணைப் பஞ்சு என்று நினைத்து, துணியை மடித்து வைத்துப் படுக்கச் சொன்னேன், கழுத்துப் பிடித்துக்கொண்டது, கழுத்துப் பிடித்த நிலையிலும் இளைப்பு வந்தது. பவுடரை நிறுத்தினேன், மிளகாய் வறுப்பதை நிறுத்தினேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் சிலிண்டரை இறக்கும்போது வாசல்படியில் பதித்த ஓடு ஒன்றை உடைத்துவிட்டு, "ஓடு ஏற்கெனவே உடையணும்னு இருந்ததும்மா" என்றார். நான், "அப்ப அது உடையறதுக்குப் பக்கத்துல நிக்கணும்னு உன் தலையில எழுதியிருக்கு, மாத்திக் குடுத்துட்டுப் போ" என்று நியாயம் கேட்டேன். உள்ளே அறையில் ஈஈ... ஈஈ... சிலிண்டர் வாயு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

கடைசியில் லிஃப்ட் குழியில் இருக்கும் கிரீஸ் வாசனைதான் காரணம் என்று முடிவுகட்டி, அவர் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனிக்கே போனேன். சூப்பர்வைசர் நல்ல மனிதர், நாற்காலி போட்டார். "ஐயா, அவருக்கு இளைப்பு. உயரத்துல காத்து கம்மி. தரைத்தளத்துல மட்டும் வேலை குடுங்க" என்றேன். "அம்மா, லிஃப்ட் மெக்கானிக்கை எப்படித் தரைத்தளத்துலயே வெச்சுக்கறது?" என்றார். "லிஃப்ட்தான் கீழ வருமே. அது வந்ததும் ரிப்பேர் பண்ணட்டும்." சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "வராததைத்தாம்மா ரிப்பேர் பண்ணச் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார். வெகுநேரம் தேடினார். நான் கிளம்பும் வரை தலையை வெளியே எடுக்கவில்லை.

பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது. பூனையாக இருக்கும்.

இப்போது குடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்கவைக்கிறவர், கையில் மடக்கிய குடையோடு வருவாரே, அவர்தான். மேல்வீட்டு டெய்லரம்மாவுக்கு அவர் என்றால் உயிர். அவர் மேடையில் பேசியதைப் படம் பிடித்து டிவியில் போடுகிறார்களாம், "வந்து பாருங்கக்கா, வயிறு வலிக்கும்" என்று கூப்பிட்டாள். வயிறு வலிக்க எதற்காக மாடி ஏற வேண்டும் என்று தோன்றினாலும், தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கவேண்டியிருந்ததால் போனேன்.

எனக்கு அது என்ன வகை என்றே பிடிபடவில்லை அண்ணி. கச்சேரி என்றால் பாட்டு இல்லை, பிரசங்கம் என்றால் ஆண்டவன் பேர் ஒரு தடவைகூட வரவில்லை, நாடகம் என்றால் கூட ஆள் இல்லை. ஒரு மனிதர் வந்து தன் வீட்டு மானத்தைத் தானே கப்பலேற்றுகிறார், ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கிக் கேட்கிறார்கள். "எங்கப்பா என்னை ஒரு நாள்கூட அடிச்சதில்ல. அதுக்குன்னு எங்கம்மாவை வெச்சிருந்தார்" என்றார், ஜனங்கள் கையைத் தட்டுகிறார்கள். பாவம், அடி வாங்கிய பிள்ளை என்று நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "உள்ள எதுக்கு குடைன்னு கேக்கறாங்க. வெளிய பேஞ்சா எல்லார்கிட்டயும் குடை இருக்கும். உள்ள பேஞ்சா?" என்றார். அதற்கும் சிரிப்பு. எனக்கு அது மட்டும்தான் புத்திசாலித்தனமாகப் பட்டது. அவ்வளவு பெரிய அரங்கம், கூரையை யார் பார்த்தார்கள்?

அப்படி நான் கூரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போது கேமரா ஜனங்கள் பக்கம் திரும்பியது. மூன்றாவது வரிசை. ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலி. உங்கள் தம்பி!

நீலச் சட்டை, பையில் டெஸ்டர், தலை குனிந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணிலிருந்து தாரை தாரையாக. எனக்கு உலகமே சுற்றியது. அடுத்த நொடியே ஆயிரம் பேரைக் காட்டுகிறார்கள், ஒருத்தராவது அவர் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்களா? எல்லாரும் குடைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். "ஐயோ, யாராவது அந்த மனுஷனுக்கு வெந்நீர் குடுங்களேன்!" என்று டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"அக்கா, அண்ணன் சிரிக்கிறார்க்கா" என்றாள் டெய்லரம்மா.

"எங்க வீட்டுக்காரர் சிரிக்க மாட்டார். அது இளைப்பு."

"இதுவா இளைப்பு?"

"இத்தனை வருஷமா மருந்து குடுக்கறவ நானா, நீயா?"

அவள் ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு ஓட்டினாள். ஒரு தடவை இல்லை அண்ணி, அந்த ஒரே நிகழ்ச்சியில் நாலு இடத்தில் அவருக்கு இளைப்பு. அதோடு விடாமல் போன வருஷத்து நிகழ்ச்சியைப் போட்டாள். அதிலும் இருக்கிறார். அதே நாற்காலி, அதே டெஸ்டர், அதே நீலச் சட்டை. அங்கேதான் நான் முழுசாகக் குழம்பினேன். ஏனென்றால் அந்த நீலச் சட்டை போன வருஷம் இந்த உலகத்தில் இல்லை. காலர் நைந்துபோய், அதற்கு முந்தின வருஷமே கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிட்டேன். கைப்பகுதி ஜன்னலுக்கு, முதுகுப்பகுதி சமையலறைக்கு. சமையலறையில் தரை துடைத்துக்கொண்டிருக்கும் சட்டையை, அரங்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்?

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். "ஏங்க, குடைக்காரர் மேடையில பேசற அரங்கத்துக்குப் போனீங்களா?"

"அங்க லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டாங்க. போனேன்."

"லிஃப்ட் மூணாவது வரிசையிலயா இருந்தது?"

அவர் முகம் சிவக்க ஆரம்பித்தது. "சரி அதை விடுங்க, தரை துடைக்கிற துணியை எப்படிப் போட்டுக்கிட்டுப் போனீங்க, அதையாவது சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான், ஈஈ... ஈஈ... அடுப்பில் வெந்நீர் வைக்க ஓடினேன். இப்படித்தான் அண்ணி, கேள்வி கேட்கிற இடமெல்லாம் வெந்நீரில் போய் முடிந்துவிடுகிறது.

மறுநாளே கையைப் பிடித்து இழுக்காத குறையாக நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப்போனேன். டாக்டர் குழாயில் ஊதச் சொன்னார். உங்கள் தம்பி ஊதிய ஊதலில் உள்ளே இருந்த பந்து மேலே போய் ஒட்டிக்கொண்டது. "நுரையீரல் சின்னப் பையன் மாதிரி இருக்கு. வீசிங் எப்ப வருது?" என்றார். நான் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னேன். நான் ஆண்டவனிடம் வரவு செலவு சொல்லும்போது வரும், சிலிண்டர்காரர் வந்தால் வரும், நான் ஊருக்குப் போயிருந்தால் வராது. போன மாசம் பல்லி ஒன்று பிரார்த்தனை மூலையில் விழுந்தபோது, "இது பதிலா, இல்ல தானா விழுந்ததா, தெளிவாச் சொல்லுங்க" என்று கேட்டேன், அப்போது மட்டும் ரொம்ப நேரம் இருந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியைச் சுழற்றி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோளும் குலுங்கியது!  தொற்று வியாதி! சூப்பர்வைசருக்கும் இதேதானே வந்திருக்க வேண்டும்! என் பிளாஸ்க்கைத் திறந்து டாக்டருக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மருந்து வேண்டாம்மா. இது போகாம பாத்துக்கங்க" என்றார். போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிற டாக்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வெளியே வந்ததும் உங்கள் தம்பியிடம், "இந்த ஆளு சரியில்ல, வேற டாக்டரைப் பாப்போம்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வேகமாக முன்னால் நடந்துபோய்விட்டார்.

மறுபடியும் பின்பக்கம் சத்தம். இந்தப் பூனைக்கு இன்று என்ன வந்தது என்று தெரியவில்லை. எழுந்தால் விட்ட இடம் மறந்துவிடும், இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து சொன்னாள், "அம்மா, குடைக்காரரைப் பத்தி ஒரு ஆவணப்படம் எடுத்திருக்காங்க. மாடியில போடறாங்க. அதுலயும் அப்பா வர்றாராம்." உங்கள் தம்பியையும் கூப்பிட்டேன். பக்கத்துத் தெருவில் லிஃப்ட் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று செருப்பை மாட்டினார். பக்கத்துத் தெருவில் எல்லாமே ஓட்டுவீடு. அது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆவணப்படம் என்றால் குடைக்காரரின் பிறப்பு வளர்ப்பு எல்லாம். நான் என் கேள்விக்குப் பதில் வருமா என்று காத்திருந்தேன். நடுவில், அவர் நிகழ்ச்சிகளை வெட்டி ஒட்டுகிற பெண் வந்து பேசினாள். கேமராவைப் பார்த்ததும் ஜனங்கள் கேமராவுக்காகச் சிரிக்கிறார்களாம், அது படத்தில் பொய்யாகத் தெரியுமாம். "எங்களுக்கு ஒரே ஒரு உண்மையான முகம் கிடைச்சது. லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர். அவர் சிரிச்சதை ஒரே நாள்தான் எடுத்தோம். அதையே மூணு வருஷமா எல்லா ஷோவுலயும் ஒட்டிக்கிட்டிருக்கோம்" என்றாள். நீலச் சட்டை செத்த பிறகும் நடமாடிய மர்மம் தீர்ந்தது, கணக்கு நேரானது. ஆனால் 'சிரிச்சதை' என்றாளே, அந்தச் சொல் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு அன்றைக்கு எடுத்த படத்தையே முழுசாகக் காட்டினார்கள். அரங்கம் காலி. விளக்கு சரிபார்ப்பதற்காக உங்கள் தம்பியை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். மேடையில் குடைக்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஏதேதோ துணுக்குச் சொல்கிறார். உங்கள் தம்பி மரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். "என்ன சார், ஒண்ணுத்துக்கும் சிரிக்க மாட்டேங்கறீங்க?" என்றார் குடைக்காரர்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு மேடையில சொன்னா சிரிப்பு வராது. வீட்லதான் வரும்."

"வீட்ல அப்படி என்ன?"

"எங்க வீட்ல அவங்க காலையில சாமிகிட்ட..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. தோள் குலுங்கியது. மறுபடியும், "பல்... பல்லி ஒண்ணு விழுந்தது, அதுகிட்ட இவங்க..." என்றார், கைக்குட்டை வாய்க்குப் போய்விட்டது. போன மாசத்துப் பல்லி இல்லை அண்ணி, இது வெகு நாள் முன்னால் விழுந்த வேறு பல்லி. அங்கேதான் நான் டிவியில் பார்த்த அந்த இளைப்பு முழுசும். ஆயிரம் பேர் சிரிக்கவில்லை, யாருமே இல்லை, காலி அரங்கத்தில் அவர் ஒருத்தர் மட்டும். குடைக்காரர் குடையைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். கதை என்னவென்றே தெரியாமல் அவரும் சிரிக்கிறார்.

"அவங்களுக்குத் தெரியுமா, நீங்க இப்படிச் சிரிக்கறது?"

"இளைப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. தினம் கஷாயம் குடுக்கறாங்க."

"குடிக்கறீங்களா?"

"குடிக்கறேன்."

"எப்படி இருக்கும்?"

உங்கள் தம்பி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "டிக்கெட்னு வெச்சுக்கங்களேன்" என்றார்.

குடைக்காரர் சிரிக்கவில்லை. "சார், அந்தப் பல்லிக் கதையை நான் மேடையில சொல்லிக்கலாமா?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய மனிதர், கை கட்டாத குறையாகக் கேட்டார். உங்கள் தம்பி எழுந்து டெஸ்டரைப் பையில் சரியாகச் செருகிக்கொண்டு சொன்னார், "வேண்டாங்க. அது எங்க வீட்டு விஷயம். நான் சிரிக்கறேன்னு தெரிஞ்சா அவங்க நிறுத்திடுவாங்க."

டெய்லரம்மா தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து தெரியும்மா" என்றாள். நான் இதையெல்லாம் பார்க்கிறவள் இல்லை என்ற தைரியத்தில்தான் அந்தப் படத்தில் வரச் சம்மதித்திருக்கிறார். ரவிக்கையால் வந்த வினை.

அண்ணி, எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிகிறது. வரவும் செய்தது. கல்யாணம் பேசிய நாளிலிருந்து ஒரு மனிதர் என் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்திருக்கிறார், நான் முதுகு தடவிவிட்டிருக்கிறேன். இது வந்து நின்றது. ஆனால் அதே நேரத்தில் இன்னொன்றும் வந்து நின்றது. அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அவர், "படம் எப்படி இருந்தது?" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "குடை நல்ல குடை, பழைய காலத்து மரப்பிடி" என்றேன். அவர் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலையில் கஷாயம் வைத்து இறக்கினேன். டம்ளரில் ஊற்றியவள், என்ன தோன்றியதோ, ஒரு வாய் நானே குடித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் வைத்திருக்கிறேன், ஒரு தடவையும் வாயில் வைத்ததில்லை. அண்ணி, அது மனிதர்கள் குடிக்கிற பொருள் இல்லை. என் நாக்கு இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இதையா தினம் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குடித்தார்? நான் பேசுவதைக் கேட்பதற்கு இவ்வளவு கசப்பைக் கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர் இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? பெற்ற தாயே "வாயை மூடுடி" என்றுதானே வளர்த்தாள்!

இப்போது என் குழப்பம் இதுதான். கஷாயத்தை நிறுத்தினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நிறுத்தாவிட்டால் நல்ல நுரையீரல் உள்ள மனிதருக்கு விஷம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பிரார்த்தனையில் போய் நின்றால் வாய் திறக்கமாட்டேன் என்கிறது. ஒரு வார்த்தை சொன்னாலும், இது ஆண்டவனுக்கா, பின்னால் நிற்கிறவருக்கா என்று சந்தேகம் வருகிறது. இரண்டு பேரையும் ஏமாற்ற என்னால் முடியாது. திங்கட்கிழமை மனசுக்குள்ளேயே வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் உங்கள் தம்பி எதிரே நிற்கிறார், கையில் வெந்நீர். "என்ன, சத்தத்தையே காணோம்? மூச்சு வாங்குதா?" என்று என் முதுகைத் தடவுகிறார்.  செவ்வாய்க்கிழமையும் நான் பேசவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. இன்றைக்கு மூன்றாம் நாள், வீடு சவம் போன வீடு மாதிரி இருக்கிறது, வீட்டில் ஈ என்ற சத்தமே இல்லை. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கும் ஒரு வேலை ஓடவில்லை என்பதை உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

ஆகவே சளி என்று சொல்லிப் பிள்ளையைக் கொடுத்தவர் நீங்கள்தான், வழியும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சின்ன வயசிலும் அவர் இப்படித்தான் சிரிப்பாரா? அப்போது யாராவது நிறுத்தச் சொல்லி அடித்தீர்களா, அதனால்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாரா? எனக்கு மட்டும் ஏன் அவர் முகத்தைக் காட்டிச் சிரிக்கவில்லை? நான் கேட்டதற்கெல்லாம் உண்மையான பதில் எழுதவும், இன்னொரு தடவை சளி என்று எழுதினால் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். பதில் வரும் வரை நான் எப்போதும்போல் சத்தமாகப் பேசுவது, கஷாயத்தில் பாதிக்குமேல் வெல்லத் தண்ணீர் கலப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். முக்கியமாக, எனக்குத் தெரிந்துவிட்டது என்று நீங்கள் அவரிடம் மூச்சுக்கூட விடக் கூடாது. இது ஆண்டவன் மேல் ஆணை.

அண்ணனுக்கு என் வணக்கம். முழங்காலை மடக்க வேண்டாம் என்று சொல்லவும். உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பல்லும் சொல்லும் உறுதியாகப் பல்லாண்டு வாழ ஆண்டவனிடம் தனித்தனியாக விண்ணப்பம் வைத்திருக்கிறேன், அவை முன்னுரிமையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
நீங்கள் சொன்னதை நம்பிய,
தம்பி மனைவி

பின்குறிப்பு: அண்ணி, மேலே எழுதியது எல்லாம் வீண். ஒட்டுவதற்குப் பசை எடுக்கப் பின்பக்கம் போனேன். ஜன்னலுக்கு நேர் கீழே, தண்ணீர் மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு உங்கள் தம்பி உட்கார்ந்திருக்கிறார். வேலைக்கே போகவில்லையாம். மோட்டார் வாஷர் போய்விட்டதால் இன்று லீவாம், பை நிறைய ஸ்பேனரோடு முன்வாசலில் இறங்கிப் பின்வாசலுக்குச் சுற்றி வந்தாராம், காலையிலேயே என்னிடம் சொன்னாராம். நான்தான் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்ததில் காதில் விழவில்லை. முதல் எழுத்திலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தப் பூனை படிக்குக் கீழே தூங்குகிறது. "எல்லாம் கேட்டீங்களா?" என்றேன். ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வெல்லத் தண்ணி வரைக்குமா?" என்றேன். தலையை ஆட்டினார். பிறகு அண்ணி, முதல் தடவையாகச் சுவர்ப் பக்கம் திரும்பாமல், என்னை நேராகப் பார்த்துக்கொண்டே, ஈஈ... ஈஈ... நான் வழக்கம்போல் வெந்நீர் வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பேனா ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது, கையெழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். என் தோளும் ஆடுகிறது, கண்ணிலும் தண்ணீர் வருகிறது. ஒன்றுமில்லை, கொஞ்சம் சளியாக இருக்கும்.